ராத்திரி சாப்பிடாமலே காலையில் சுகர் 168, எப்படி?

கடைவீதி: அவசரம். அப்பாவுக்கு சுகர். ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிட்டார், அப்படியும் காலையில் 168 காட்டுகிறது. மெஷின் கோளாறா?

உமாக்கா: வயது என்ன, என்ன மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? எதுவுமே சொல்லவில்லையே.

தோட்டக்காரன்: ரத்தம் வைத்துப் பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பா திறந்து கிடந்திருக்கும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு எடுங்கள். பழம் தொட்ட விரலில் எக்கச்சக்கமாகக் காட்டும்.

பழையவன்: இந்தக் கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது, தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சாப்பிடாவிட்டாலும் ஈரல் சேர்த்து வைத்த குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும் தம்பி. விடியற்காலையில் கார்டிசால் என்கிற ஹார்மோன் ஏறும்போது இன்னும் கூடும். மற்றவர்களுக்கு இன்சுலின் அதை அடக்கிவிடும், சுகர்காரர்களுக்கு அடங்காது.

கடைவீதி: 61 வயது. கடை அடைத்து வர பத்தரை ஆகிவிடும், அதனால்தான் ராத்திரி வேண்டாம் என்கிறார். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. மாத்திரை மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு.

உமாக்கா: கிளிமிபிரைடா! இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கிற மாத்திரை அது. பட்டினியும் சேர்ந்தால் தூக்கத்திலேயே லோ சுகர் ஆகலாம். வியர்த்து நடுங்கினால் உடனே பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பி ரீடிங் எடுத்து, அதை டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கோதுமை: எதற்குப் பட்டினி? ராத்திரி இரண்டு சப்பாத்தி போதும். சோறுதான் வினை.

தோட்டக்காரன்: சப்பாத்தியும் மாவுச்சத்துதானே சார்?

கோதுமை: நார்ச்சத்து இருக்கிறதே!

தோட்டக்காரன்: கடை மாவில் தவிட்டைச் சலித்துவிட்டால் நார் எங்கே இருக்கும்? அளவாகச் சோறு, நிறையக் கீரை, அது போதாதா?

பழையவன்: கேள்வி சாப்பிடுகிற நேரத்தைப் பற்றியது. இருட்டினால் மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் ஏறும், இன்சுலின் சுரப்பது மந்தமாகும். காலை எட்டு மணிக்குத் தின்ற அதே நாலு இட்லியை ராத்திரி பத்தரைக்குத் தின்றால் சுகர் கூடுதலாக ஏறும், நெடுநேரம் இறங்காது. ஏழு மணிக்கே கடையில் சாப்பிடச் சொல்லுங்கள்.

கடைவீதி: விடிகாலை மூன்று மணிக்கு 143, ஆறு மணிக்கு 171. லோ ஆகவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், பட்டினி கூடவே கூடாது என்றார். ஏழரைக்குக் கடைக்கே டிபன் போகிறது. நன்றி.

உமாக்கா: எதை மாற்றினார், கிளிமிபிரைடையா? காலை ரீடிங் இப்போது எவ்வளவு?

உமாக்கா: தம்பி, பார்த்தால் பதில் போடுங்கள்.