தவளை மூடி

(குழு: வடக்குத் தெரு வீடு)

பெரியப்பா: [படம்] கனடா, வான்கூவர், ஸ்டான்லி பார்க். இந்த ஊர் ஆதிக்குடிகளோட டோட்டம் கம்பம், குலச்சின்னம் செதுக்கின மரம். எல்லாரும் பாத்துக்கங்க.

அத்தை: தொப்பி எங்கண்ணே? காத்து காதுல போகப்போகுது

நித்யா: பெரியப்பா, அந்தக் கம்பங்கள்ல பாதிக்கு மேல வடக்கேருந்து வந்தது. அலர்ட் பே, ஹைடா குவாய் பக்கம். இந்த ஊர்க்காரங்க கோஸ்ட் சேலிஷ் மக்கள். மஸ்குயம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாடூத்னு மூணு கூட்டம்.

நித்யா: பக்கத்துலயே செதுக்கின மரவாசல் மூணு நிக்கும், அதைப் பாருங்க. மஸ்குயம் கலைஞர் சூசன் பாயிண்ட் செஞ்சது, 2008.

கார்த்தி: எனக்கு எல்லாமே ஒண்ணாதான் தெரியுது

நித்யா: வடக்கத்தி வேலைல தடிச்ச கறுப்புக் கோடு உருவத்தைச் சுத்தி ஓடும். சேலிஷ்ல வெட்டுதான் பேசும். வட்டம், பிறை, மூணு முனை ஆப்பு. இதையே மாத்தி மாத்திக் குடைஞ்சா செதில், றெக்கை, அலை எல்லாம் வந்துடும்.

பெரியப்பா: [படம்] ஆமா, பிறை தெரியுது. வட்டத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு?

நித்யா: தக்களி வட்டு பெரியப்பா. மலையாட்டு முடியையும், அதுக்குன்னே வளர்த்த நாயோட முடியையும் நூத்து கம்பளி நெய்வாங்க. அந்த மர வட்டுலதான் செதுக்குவேலை.

பெரியப்பா: தக்களியா! நாங்க பள்ளிக்கூடத்துல நூத்தவங்கம்மா. எங்க வட்டுல ஒண்ணும் செதுக்கல, வாத்தியார் அடிதான் விழுந்துச்சு.

அத்தை: 😂😂

நித்யா: நீங்க வந்து இறங்கின ஏர்போர்ட்லயே செதுக்கின வட்டு ஒண்ணு இருக்கே. சிவப்பு சிடார் மரத்துல, 16 அடி விட்டம். அதுவும் சூசன் பாயிண்ட்தான்.

பெரியப்பா: அன்னைக்கு பெட்டிலதான் கண்ணு இருந்துச்சு.

கார்த்தி: பார்க்குல முன்னாடி ஊரே இருந்துச்சாமே?

நித்யா: ஆமாடா. 1888ல பார்க் ரோடு போடறப்போ, அந்த மக்கள் தலைமுறை தலைமுறையா சாப்பிட்டுப் போட்ட கிளிஞ்சல் மேட்டை வெட்டி ரோட்டுக்குக் கொட்டுனாங்க. நாம அந்தப் பக்கம் நடந்துட்டு "என்ன அழகு"ங்கிறோம்.

அத்தை: அடப்பாவிகளா

நித்யா: எனக்குப் பிடிச்சது பார்க்குல இல்ல, ரோட்டுல இருக்கு. 2004ல மேன்ஹோல் மூடிக்கு மாநகராட்சி போட்டி வெச்சுது. சூசன் பாயிண்டும் மக கெல்லி கேனலும் மழைநீர் வடிகால் மூடிக்கு ஒண்ணு வரைஞ்சு ஜெயிச்சாங்க. முட்டை, தலைப்பிரட்டை, தவளைன்னு வட்டமா சுத்தி வரும். இரும்பு வார்ப்பு, மழை பெஞ்சா பளபளன்னு இருக்கும்.

கார்த்தி: சாக்கடை மூடில கலையா 😄

நித்யா: சாக்கடை இல்ல, மழைத்தண்ணி. இந்த ஊர்ல சால்மன் மீன் வர்ற ஓடை ஏகப்பட்டது ஓடுச்சு. முக்கால்வாசியைக் குழாய்க்குள்ள அடைச்சு மேல தெரு போட்டுட்டாங்க. தவளையை மூடி மேல வெச்சா, கீழ தண்ணி ஓடுதுன்னு யாராவது நினைப்பாங்கல்ல? கேலரில தொங்கறதைவிட இது எனக்குப் பெருசு.

பெரியப்பா: மீன் இப்ப எங்கயுமே வரலையா?

நித்யா: மஸ்குயம் ஓடைல வருது. ஸ்டில் க்ரீக்னு இன்னொண்ணைச் சுத்தம் பண்ணி, 2012ல அங்கயும் 'சம்'ங்கிற சால்மன் வகை திரும்ப வந்துச்சு. பல பத்து வருஷத்துக்கு அப்புறம். அக்டோபர், நவம்பர்ல பாக்கலாம்.

பெரியப்பா: [படம்] இது தவளையா?

நித்யா: அது டெலிபோன் கம்பெனி மூடி. ரோட்டு நடுவுல நிக்காதீங்க பெரியப்பா!!

பெரியப்பா: சரி சரி. டிக்கெட்டை நவம்பருக்குத் தள்ள எவ்வளவு கேப்பான்?

அத்தை: அண்ணிகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயே போன் பண்ணு