சாட்டிலைட் ஸ்ட்ரீக்: கோடா, தடமா, கீற்றா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வான் அளவைத் தொலைநோக்கிகள் எடுக்கும் படங்களில் செயற்கைக்கோள் கடந்துபோன இடத்தில் நீளமாக ஒரு வெளிச்சம் பதிகிறதே, அந்த ‘சாட்டிலைட் ஸ்ட்ரீக்’குக்குத் தமிழில் ஆளுக்கொரு சொல் புழங்குகிறது. கோடு, தடம், கீறல், வால், சுவடு என்று ஐந்தையும் ஒரே கட்டுரையில் பார்க்க முடிகிறது. கலைச்சொல் பட்டியலுக்கு ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். (‘ஸ்கை சர்வே’க்கு ‘நில அளவை’யை ஒட்டி ‘வான் அளவை’ என்றே எழுதுகிறேன். அதில் யாருக்கும் தடையிராது என்று நினைக்கிறேன்.)

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். 550 கி.மீ. உயரத்தில் தலைக்கு நேர்மேலே போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ 0.8 பாகை நகர்கிறது. சிலியில் செர்ரோ பச்சோன் மலைமேல் உள்ள ரூபின் ஆய்வகக் கேமராவின் பார்வை அகலம் சுமார் 3.5 பாகை. அதை நான்கரை விநாடியில் கடந்துவிடும். அந்தக் கேமராவின் ஒரு பிக்சல் வானில் 0.2 கோண விநாடி (3600 கோண விநாடி ஒரு பாகை). அப்படியானால் ஒரு பிக்சலில் செயற்கைக்கோள் தங்குவது 70 மைக்ரோவிநாடி மட்டுமே. இதிலிருந்து பலரும் கவனிக்காத ஒன்று தெரிகிறது. எக்ஸ்போஷரை (ஒளியைப் பதியவிடும் நேரத்தை) 30 விநாடியிலிருந்து 15 ஆகக் குறைத்தாலும் அந்த வெளிச்சத்தின் செறிவு குறையாது. விண்மீன்களின் ஒளிதான் பாதியாகும். செறிவைத் தீர்மானிப்பது எக்ஸ்போஷர் அன்று, செயற்கைக்கோளின் கோண வேகம்.

கணக்குப் போட்டால், விண்மீன் உரு 0.7 கோண விநாடிக்குப் பரவும் உருத்தெளிவில் 30 விநாடிப் படத்தில் 12.7 பொலிவெண் அளவுக்கு ஒளி மங்குகிறது (பொலிவெண் கூடக்கூட ஒளி குறைவு). 5ஆம் பொலிவெண் செயற்கைக்கோள், 17.7 பொலிவெண் விண்மீன்களை வரிசையாக அடுக்கியது போல் தெரியும். ஒரே படத்தில் 24ஆம் பொலிவெண் வரை பார்க்கும் கருவிக்கு இது கண்ணைக் கூசும் வெளிச்சம்.

இனிச் சொற்கள். ‘கோடு’ நிறமாலைக் கோட்டோடு மோதும். அகலமே இல்லாத வடிவியல் கோட்டையும் நினைவூட்டும். இதற்கோ அகலம் உண்டு: 550 கி.மீ.யில் இருக்கும் பொருள் 8.4 மீட்டர் ஆடிக்குக் குவியத்தில் அமையாது. ஆடியின் விட்டத்தைத் தொலைவால் வகுத்தால் ஏறக்குறைய 3 கோண விநாடிக்குப் பரவுகிறது. ‘கீறல்’ என்றால் ஆடியிலோ உணரியிலோ பழுது என்று பொருள்படும். ‘வால்’ வால்வெள்ளிக்கு உரியது. ‘தடம்’ நல்ல சொல்தான், ஆனால் செயற்கைக்கோள் பூமிப்பரப்பில் எந்தெந்த இடங்களுக்கு மேலே செல்கிறது என்பதைத் ‘தரைத்தடம்’ என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். ஒரே பத்தியில் இரு தடங்கள் வந்தால் வாசகர் தடுமாறுவார்.

எஞ்சுவது ‘கீற்று’. மின்னல் கீற்று, ஒளிக்கீற்று என்று மெல்லிதாக நீண்டு தோன்றும் வெளிச்சத்துக்கே நம் மொழி வைத்திருக்கும் சொல் அது. ‘கோள்கீற்று’ என்று சுருக்கமாக முன்மொழிகிறேன்.

———

வணக்கம் ஐயா.

> ‘கோள்கீற்று’ என்று சுருக்கமாக முன்மொழிகிறேன்.

கீற்றுக்கு முழு உடன்பாடு. முன்னொட்டுதான் ஆபத்து.

முதல் ஆபத்து புணர்ச்சி. நாள் + காட்டி நாட்காட்டி ஆவதுபோல் கோள் + கீற்று ‘கோட்கீற்று’ ஆகும். ‘கோடு’ வேண்டாம் என்று விலக்கினீர்கள், அது பின்வாசல் வழியாக வந்து நிற்கும்.

இரண்டாவது பெரியது. சிறுகோள்களும் கீற்று விடுகின்றன. பூமிக்கு அருகில் வரும் ஒரு சிறுகோள் நாளொன்றுக்கு 10 பாகை நகர்ந்தால் 30 விநாடியில் 12.5 கோண விநாடி நீளத்துக்குக் கீற்று விழும். வான் அளவை தேடி அலைவதே அந்தக் கீற்றைத்தான். தேடும் பொருளுக்கும் அதைக் கெடுக்கும் பொருளுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய நடைமுறையில் முதலில் பார்ப்பது முனைகளை. பூமிக்கு அருகில் சுற்றும் தாழ்சுற்றுப் பாதைச் செயற்கைக்கோள் 30 விநாடியில் 24 பாகை ஓடிவிடுவதால் அதன் கீற்றுக்கு இரு முனைகளும் பெரும்பாலும் படத்துக்கு வெளியே இருக்கும். சிறுகோள் கீற்றின் இரு முனைகளும் படத்துக்குள் இருக்கும். பூமியோடு சேர்ந்தே சுழன்று ஓரிடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைப் பாதைச் செயற்கைக்கோள் மட்டும் இடைப்பட்டது. தொலைநோக்கி விண்மீன்களைத் தொடரும்போது அது விநாடிக்கு 15 கோண விநாடி பின்தங்கும், 30 விநாடியில் ஏழரைக் கோண நிமிட நீளம். அதற்கும் முனைகள் உள்ளேயே விழும். ஆகவே ‘முனை தெரிந்தால் சிறுகோள்’ என்று எழுதிவிடக் கூடாது, நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் குழப்பம் ஏட்டளவில் நிற்பதும் அன்று. வெள்ளியின் பாதைக்கு உள்ளேயே சுற்றும் 2020 ஏவி2 போன்ற சிறுகோள்களைச் சூரியனை ஒட்டிய வானில், மாலைக் கருக்கலிலும் விடியற்கருக்கலிலும்தான் தேட முடியும். அந்தச் சிறுகோளைக் கண்டது அமெரிக்காவின் பாலோமரில் உள்ள இசட்.டி.எஃப். வான் அளவை. அதே அளவையின் கருக்கல் நேரப் படங்களில் ஸ்டார்லிங்க் (ஸ்பேஸ்எக்ஸின் இணையச் செயற்கைக்கோள்கள்) கீற்று விழுந்தவை 2019 இறுதியில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு, 2021 ஆகஸ்டில் 18 விழுக்காடு. காரணம் எளிய வடிவியல். 550 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேலே உள்ள செயற்கைக்கோள், சூரியன் தொடுவானத்துக்கு 23 பாகை கீழே இறங்கும் வரை வெயிலில் இருக்கும். 18 பாகையிலேயே நமக்கு வானம் முழுதாக இருண்டுவிடுகிறது. ஒன்வெப் நிறுவனத்தின் இணையச் செயற்கைக்கோள்கள் பறக்கும் 1200 கி.மீ.யில் அந்தக் கோணம் 33 பாகைக்கு அருகில் போய்விடும். அதனால் கோடைக் காலத்தில் பல இடங்களில் நள்ளிரவும் தப்பாது.

ஆகவே என் பரிந்துரை இலங்கை வழக்கான ‘செய்மதி’. பூமியைச் சுற்றும் பொருளுக்குக் கோளைவிட மதியே பொருந்தும், சிறுகோளோடும் மோதாது. புணர்ச்சியும் கிளிக்கூடு, புலித்தோல் போலச் சிக்கலின்றி அமைகிறது: செய்மதிக்கீற்று.

கையோடு, ஒரே பணிக்காகச் சேர்ந்து பறக்கும் செய்மதிகளைக் குறிக்கும் ‘கான்ஸ்டலேஷன்’ சிக்கலையும் தீர்த்துவிடலாம். ‘செயற்கைக்கோள் விண்மீன் கூட்டம்’ என்று பெயர்த்தால் விண்மீன் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்பார். ‘திரள்’ ஒழுங்கற்ற கும்பலைக் காட்டும். இதுவோ கணக்கிட்டு அடுக்கியது: ஸ்டார்லிங்கின் முதல் அடுக்குத் திட்டம் 53 பாகைச் சாய்வில் 72 சுற்றுப்பாதைத் தளங்கள், தளத்துக்கு 22 வீதம் 1584. ‘அணி’ என்றால் அலைவாங்கி (ஆன்டெனா) அணியோடு மோதும். ப்ளூவாக்கர் 3 என்ற ஒற்றைச் செய்மதியே 64 சதுர மீட்டர் அலைவாங்கி அணியை விரித்துக்கொண்டு பறந்தது. விண்மீன் கூட்டத்துக்கு உள்ள ‘உடுத்தொகுதி’ என்ற வழக்கை ஒட்டிச் செய்மதித் தொகுதி என்று வைத்தால் மூலத்தின் உவமையும் கெடாது. ஏவிய சில நாள்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகிறதே, அந்தக் காட்சிக்குச் ‘செய்மதி நிரை’.

———

இருவருக்கும் வணக்கம். செய்மதிக்கீற்றை ஏற்கிறேன். ஆனால் படத்தைத் துப்புரவு செய்யும் நிரல் எழுதுவோருக்கு ஒரு சொல் போதாது. கேடு மூன்று வகை, மருந்தும் மூன்று வகை.

முதலாவது கீற்றேதான். பின்னணி ஒளியைக் கழித்து, விண்மீன்களை நீக்கி, ராடான் அல்லது ஹஃப் உருமாற்றம் என்னும் கணித முறை கொண்டு நேர்கோட்டைத் தேடுகிறோம். குறுக்குவெட்டு எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு முகடு இராது, இரண்டு முகடுகள் இருக்கும். குவியம் தவறிய உருவம் வடை போல நடுவில் ஓட்டையோடு அமைவதே காரணம். ஒற்றை முகட்டைப் பொருத்தும் நிரல் இங்கே அகலத்தைக் குறைத்து மதிப்பிட்டு ஓரங்களை விட்டுவிடும். அந்த ஓரங்கள், படங்களைக் கழித்துப் பார்க்கும்போது ‘புதிய விண்மீன்’ என்று வரிசையாகப் போலி எச்சரிக்கைகளை எழுப்பும். ஆகவே ‘மாஸ்க்’ தாராளமாக இருக்க வேண்டும். அதற்கு ‘மறைப்பு’ வேண்டாம், நிலவு விண்மீனை மறைப்பதற்கு அது ஆகிவிட்டது. ‘மூடுதிரை’ என்கிறேன்.

இரண்டாவது, பொலிவான கீற்றுக்குப் பக்கத்தில் இணையாக விழும் மங்கல் கீற்றுகள். ரூபின் கேமராவில் 189 உணரிகள், ஒவ்வொன்றிலும் 16 பகுதிகள். எல்லாம் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதால் ஒரு பகுதியின் மிகுந்த மின்குறிப்பு அடுத்த பகுதிகளில் கசிகிறது. செய்மதி 7ஆம் பொலிவெண்ணைவிட மங்கலாக இருந்தால் இதைக் கணக்கிட்டுக் கழிக்க முடியும். வானியலாளர்கள் 7 என்ற வரம்பைக் கேட்டதில் இந்தக் கசிவுக்குப் பெரும்பங்கு உண்டு. 2019 மே மாதம் ஏவப்பட்ட முதல் 60 ஸ்டார்லிங்குகள் பணிச்சுற்றில் 5ஐ ஒட்டியே இருந்தன. இதற்குக் ‘கசிவுக்கீற்று’ எனலாமா?

மூன்றாவதற்குக் கீற்று என்ற சொல்லே ஆகாது. உருண்டு சுழலும் ஏவுகலத் துண்டு ஒரு நொடியின் பகுதியில் வெயிலைத் திருப்பி அடித்தால் படத்தில் ஒரு புள்ளிதான் விழும், அசல் விண்மீன் போலவே. நேர்கோட்டைத் தேடும் நிரலுக்கு இது அகப்படாது. ஜிஎன்-இசட்11 என்ற மிகத் தொலைவு விண்மீன் மண்டலத்தில் காமாக் கதிர் வெடிப்போடு தொடர்புடைய ஒளி தெரிந்தது என்று அறிவிக்கப்பட்டது. புரோட்டான் ஏவுகலத்தின் பிரீஸ்-எம் மேல்நிலைத் துண்டின் மினுக்கம் அது என்று 2021இல் பிறர் காட்டினர். இதற்குப் பளிச்சீடு என்ற தனிச்சொல் தேவை. இங்கே மூடுதிரை உதவாது. அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து இரண்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பதும், விண்குப்பைப் பட்டியலோடு நேரத்தை ஒப்பிடுவதுமே வழி.

———

நண்பர்களே, செய்மதிக்கீற்று, செய்மதித் தொகுதி, மூடுதிரை, பளிச்சீடு நான்கையும் பட்டியலில் சேர்க்கிறேன். ‘கோள்கீற்று’ முன்மொழிவை விலக்கிக்கொள்கிறேன், சிறுகோள் வாதம் மறுக்க முடியாதது.

‘கசிவுக்கீற்று’ மட்டும் நிற்கட்டும். வானொலி வானியலாளர்களுக்குக் கசிவு என்றால் வேறு. ஐரோப்பாவின் லோஃபார் வானொலித் தொலைநோக்கி ஸ்டார்லிங்குகளிடமிருந்து 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரை அலைகள் வருவதைப் பதிவுசெய்தது. 2023இல் அது வெளியானது. அவை செய்மதி வேண்டுமென்று அனுப்பும் தொடர்பு அலைகள் அல்ல, உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றுகளிலிருந்து தாமாக வெளிவருபவை. ‘கசிவு’ என்ற சொல்லுக்கு அவர்களுக்கே முதல் உரிமை. உணரியில் பக்கம் பக்கமாக விழுவதற்கு இணைகோட்டை ஒட்டி ‘இணைக்கீற்று’ போதுமா? மறுப்பு இருந்தால் வரும் வாரத்துக்குள் எழுதுங்கள்.