அம்மாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது?

இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மா 11 நாள் வார்டில் இருந்தார். படுக்கைப் புண் வராமல் அடிக்கடி திருப்பிப் படுக்க வைப்பது நர்ஸின் வேலைதான், சரி. ஆனால் ஒரு சிஸ்டர் இரவு டியூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்து, சிக்குப் பிடித்திருந்த அம்மாவின் தலைமுடியைப் பொறுமையாகச் சீவிப் பின்னிவிட்டுப் போனார். அன்றுதான் அம்மா கண்ணாடி கேட்டார். அப்புறம் ஒழுங்காகச் சாப்பிடவும் தொடங்கினார்.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. மே 12 செவிலியர் தினத்துக்குள் ஏதாவது செய்ய ஆசை. நர்சிங் கண்காணிப்பாளருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினால் அவருக்குப் பயன்படுமா? டியூட்டி முடிந்தும் இருந்தார் என்று எழுதினால் அவருக்கே சிக்கலாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இங்கே நர்ஸாக இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.