நிழற்குடைக் கண்ணாடி விவகாரம்: அந்தக் கல் எங்கே?

கண்ணாடிக்கடை:
உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கள் ஊர் விலக்கில் இருக்கும் பயணியர் நிழற்குடையின் பின்பக்கக் கண்ணாடி திங்கட்கிழமை ராத்திரி நொறுங்கிவிட்டது. விடிவதற்குள் ஊர் வாட்ஸப் குழுவில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "கடலுக்குப் போகும் பையன்கள் குடித்துவிட்டுக் கல்லெறிந்து உடைத்திருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் கண்ணாடி நிழற்குடை ஒரு கேடா?" படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ராமநாதபுரத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி மாட்டிப் பிழைக்கிறவன் நான். காலை ஆறரைக்கே போய்ப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில், தரையில், பின்னால் உடைமரத்து மணலில் எல்லாம் தேடினேன். கண்ணாடி கிடக்கிறது. கல் இல்லை. உடைத்தார்கள் என்று சொல்பவர் அந்தக் கல்லைக் காட்டட்டும்.

ஓய்வுநடத்துநர்:
எழுதியவன் நான்தான் தம்பி, ஒளிந்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் ஓடியிருக்கிறேன். ஊரில் என்ன தகராறு வந்தாலும் முதல் கல் பஸ் கண்ணாடிக்குத்தான். தானாக உடைந்த கண்ணாடியை நான் பார்த்ததே கிடையாது. கல்லை எறிந்தவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

கண்ணாடிக்கடை:
குடித்துவிட்டு வந்தவன், எறிந்த கல்லை இருட்டில் தேடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனானா அண்ணே? இதை நீங்களே நம்புகிறீர்களா?

அது டஃபன்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று ஆறவைப்பார்கள். மேல்பரப்பு இறுகி அமுங்கியிருக்கும், உள்ளே இழுவிசை நிற்கும். அதனால்தான் நாலைந்து மடங்கு பலம். நடுவில் கையால் குத்தினாலும் தாங்கும். ஆனால் ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்து அது உள்ளே இறங்கினால் போதும், முழுப் பலகையும் ஒரே நொடியில் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். யாரும் தொட வேண்டியதில்லை. உருக்கும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் நிக்கல் சல்பைடு துகள் வருடங்கள் கழித்துப் பருத்து, நள்ளிரவில் தானாக வெடித்த கண்ணாடிகளை இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கீழக்கரையான்:
வெயிலாகவும் இருக்கலாமே? அந்தக் கண்ணாடியில் பாதிக்கு மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஒட்டிய இடம் ஒரு சூடு, ஒட்டாத இடம் ஒரு சூடு. எங்கள் வீட்டு ஜன்னல் அப்படித்தான் விரிசல் விட்டது.

கண்ணாடிக்கடை:
காக்கா, உங்கள் வீட்டு ஜன்னல் சாதாரணக் கண்ணாடி. அதில் இரண்டு இடத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விடும். டஃபன்டு 200 டிகிரி தாங்கும். நம் ஊர் வெயில் என்ன செய்துவிடும்? அதுவும் உடைந்தது ராத்திரியில்.

ஓய்வுநடத்துநர்:
பார்த்தீர்களா, வெயில் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். வெயில் இல்லை என்றால் கல்தான். அப்புறம், நொறுங்கினது எல்லாம் உள்பக்கம் பெஞ்சு மேல்தானே விழுந்திருக்கிறது? வெளியே இருந்து எறிந்தால்தான் உள்ளே விழும். இதற்கு இருபத்திரண்டு வருட அனுபவம் வேண்டாம்.

கண்ணாடிக்கடை:
உடைந்தது பின்பக்கக் கண்ணாடி அண்ணே. ரோட்டில் போகிறவன் எறிந்திருந்தால் தூள் பின்னால் உடைமரத்துப் பக்கம்தான் அதிகம் போயிருக்கும். பெஞ்சு மேல் விழுந்தது என்றால் தெற்கே கடல் பக்கமிருந்து தள்ளியிருக்க வேண்டும். ஆடி மாதம், கச்சான் காற்று. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றுக்கு இந்தத் தூள் எந்தப் பக்கம் விழும்?

கீழக்கரையான்:
கச்சான் மேற்கே இருந்து வருவது. தெற்கே இருந்து வருவது சோழகம்.

கண்ணாடிக்கடை:
தென்மேற்குக் காற்றை எங்கள் ஊரில் கச்சான் என்றுதான் சொல்வோம்.

கீழக்கரையான்:
உங்கள் ஊரில் சொன்னால் காற்று திசை மாறிவிடாது. எங்கள் வாப்பா தோணி ஓட்டியவர்.

மதுரைபைபாஸ்:
எதற்குக் கண்ணாடி? கடற்கரையில் தகரமோ கான்கிரீட்டோ போட வேண்டியதுதானே. பொதுச்சொத்தை மதிக்கத் தெரியாத ஊருக்குக் கண்ணாடி வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்கடை:
மதுரையில் இருந்துகொண்டு எங்கள் ஊருக்கு மதிப்பெண் போட வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்தப் பவளக்கல் சுவர்கள் இன்றைக்கும் நிற்கின்றன. எதைக் கட்டினால் நிற்கும் என்று இந்தக் கரைக்குத் தெரியும். இந்த உப்புக்காற்றில் எதை மாட்டக் கூடாது என்பதுதான் ஒப்பந்தக்காரருக்குத் தெரியவில்லை.

கண்ணாடியைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூவில் ஒன்று என் கையில் இருக்கிறது. சாதாரண இரும்பு, மேலே முலாம். துளைக்குள் உறை மாதிரி போடும் நைலான் புஷ் கிடையாது, ரப்பர் வாஷர் கிடையாது. இரும்பு நேராகக் கண்ணாடித் துளையில் உட்கார்ந்திருக்கிறது. துரு பிடித்தால் இரும்பு இருந்த இடத்தைவிட அதிக இடம் கேட்கும். தலைப்பக்கம் தடித்து, செதில் செதிலாகப் பெயர்கிறது. அந்தப் பருமன் நாள் முழுக்கத் துளையின் ஓரத்தை நெருக்கியிருக்கிறது. அந்த ஓரம்தான் டஃபன்டுக்கு உயிர்நாடி. கடல் பக்கம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டிருக்க வேண்டும், உப்புத் துருவைத் தடுக்கும் மாலிப்டினம் அதில்தான் இருக்கிறது. அது இல்லாத 304 ரகம்கூட இங்கே சில வருடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு விடும். இவர்கள் இரும்பைப் போட்டிருக்கிறார்கள்.

ஓய்வுநடத்துநர்:
இப்போது விஷயம் வெளியே வருகிறது. இந்த வேலைக்கு நீங்களும் விலை கொடுத்தீர்களே, கிடைக்கவில்லையே, அந்தக் கோபம்தானே இது?

கண்ணாடிக்கடை:
விலை கேட்டார்கள், கொடுத்தேன், கிடைக்கவில்லை. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. நான் சொன்னது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் ஷீட் வைத்த லேமினேட்டட் கண்ணாடி. கார் முன்கண்ணாடி மாதிரி, உடைந்தாலும் ஷீட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆள்மேல் கொட்டாது. விலை கூட என்றார்கள். சரி, விடுங்கள். கல் எங்கே?

காரல்கூடை:
எல்லோரும் கல்லையே பேசுகிறீர்கள். எங்கள் அம்மா நாலரை மணிக்கு முதல் டவுன் பஸ்ஸுக்கு அங்கேதான் உட்காருவார். செவ்வாய்க்கிழமை இருட்டில் தெரியாமல் அன்னக்கூடையைப் பெஞ்சில் வைத்துவிட்டார். காரலும் நகரையும், மேலே ஐஸ் தூள். சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடி பொலபொலவென்று கூடைக்குள் கொட்டியது. ஐஸ் எது, கண்ணாடி எது என்று பிரிக்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றி, ஐஸ் கரைகிறவரை காத்திருந்து பார்த்தால் காரலின் செவுளுக்குள்ளும் மினுமினு என்கிறது. பிள்ளைகள் சாப்பிடும் மீன். அப்படியே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். அன்றைக்குப் போட்ட முதல் அவ்வளவும் போயிற்று. இன்றுவரை அந்தத் தூளை யாரும் அள்ளவில்லை.

ஓய்வுநடத்துநர்:
அம்மாவுக்கு நடந்தது வேதனைதான் மகளே. அதனால்தான் உடைத்தவனைப் பிடிக்க வேண்டும் என்கிறேன். உன் பேச்சிலேயே பதிலும் இருக்கிறது. அந்தப் பையன்கள் கையில் எப்போதும் ஐஸ் கட்டி இருக்குமே. ஐஸ் கட்டியால் அடித்திருந்தால் விடிவதற்குள் கரைந்துபோகும். கல் எங்கே, கல் எங்கே என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

கண்ணாடிக்கடை:
நேற்று வரை எறிந்தவன் கல்லை எடுத்துக்கொண்டு போனான், இன்றைக்குக் கல்லே கரைந்துவிட்டது! எந்தப் பையன், பெயர் என்ன, யார் பார்த்தது? அன்றைக்குத் திங்கட்கிழமை, நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போன ராத்திரி. பையன்கள் கடலில் இருந்தார்கள். கரையில் இல்லாதவன்மேல் பழி போடுகிறீர்கள்.

ஓய்வுநடத்துநர்:
எல்லாப் பையனுமா போனான்?

கீழக்கரையான்:
நான் சொன்ன சோழகத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

காரல்கூடை:
அம்மா இன்றைக்கும் ரோட்டோரமாக நின்றுதான் பஸ் ஏறினார். கூடையைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை.

கண்ணாடிக்கடை:
தங்கச்சி, நாளைக்குக் காலை நாலு மணிக்குச் சாக்கும் துடைப்பமும் கொண்டு நானே வருகிறேன். செருப்பில்லாமல் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். அண்ணே, அந்த ஸ்க்ரூவை டப்பாவில் போட்டுக் கடையில் வைத்திருக்கிறேன். வந்து கையில் எடுத்துப் பாருங்கள். வரும்போது கல்லையும் கொண்டு வாருங்கள்.

ஓய்வுநடத்துநர்:
உங்கள் கடைப் படியை நான் மிதிக்க மாட்டேன். போன வருடம் தெருவிளக்கு விஷயத்தில் பத்துப் பேர் முன்னால் என்னைப் பொய்யன் என்றீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.