கச்சான் காற்றில் சாயும் ஒட்டு மாங்கன்று: கம்பு எப்படிக் கட்டுவது?

வணக்கம் உறவுகளே. எங்கள் வளவு மட்டக்களப்பு கல்லடிப் பக்கம், முழுக்க மணல். போன மாரிக்கு வைத்த கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று இப்போது நெஞ்சளவு உயரம். கச்சான், அதாவது தரைப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட காற்று, தொடங்கியதிலிருந்து கடல் பக்கமாகவே சாய்கிறது. காற்று அடித்து ஓய்ந்ததும் பார்த்தால், அடித்தண்டைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு மணல் விலகிக் கிடக்கிறது.

இப்போதைக்குக் காய்ந்த சவுக்குக் கம்பு ஒன்று நட்டு, பழைய பருத்திச் சேலைத் துண்டால் எட்டுப் போலச் சுற்றித் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். நைலோன் கயிறு பட்டையை அறுத்துவிடும். பச்சைக் கிளிசரியாத் தடியும் வேண்டாம், அதுவே வேர்விட்டு நின்றுவிடும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களைக் கிள்ளிவிடுகிறேன்.

ஒரு கம்பு போதுமா, இரண்டு பக்கமும் நடவேண்டுமா? உயரத்தில் இறுக்கிக் கட்டினால் தண்டு ஆடாமல் மெலிந்துபோகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அது சரி, ஆனால் கீழே கட்டினால் ஒட்டிய இடத்தில் முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கம்பை எப்போது எடுக்கலாம்?

அப்புறம், நுனியை 3 அடியில் வெட்டி, மூன்று நான்கு கிளைகளைச் சுற்றிவரப் படரவிட ஆசை. 1978 சூறாவளியைப் பார்த்த அம்மா, மரம் உயரவே வேண்டாம் என்கிறா. இந்த வெயிலில் வெட்டலாமா, மாரி முடியும்வரை பொறுக்கவா? கடற்கரை மணலில் மா வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.