பேட்ரோனிமிக் என்பதற்குத் தமிழ்: பெர்னாண்டஸை முன்வைத்து

அன்பு நண்பர்களுக்கு,

பெர்னாண்டஸ் என்ற குடும்பப்பெயருக்குக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத வேண்டும். முதல் வரியே முட்டுகிறது: "பெர்னாண்டஸ், பெர்னாண்டோவின் மகன் எனப் பொருள்படும் ஒரு ____." கோடிட்ட இடத்தில் ஆங்கிலத்தார் பேட்ரோனிமிக் என்பார்கள். நாம் 'தந்தைவழிப் பெயர்' என்று எழுதி வருகிறோம். அதையே வைத்துக்கொள்ளலாமா?

தரவு இவ்வளவு. பெர்னாண்டோ, ஐபீரியாவை (ஸ்பெயினும் போர்த்துகலும் உள்ள தீபகற்பம்) ஆண்ட விசிகோத்தியர் கொண்டுவந்த செருமானியப் பெயர். பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதியைப் பயணம் என்பாரும் அமைதி என்பாரும் உண்டு. மகனைக் குறிக்கும் ஈற்றைப் போர்த்துக்கீசியர் 'எஸ்' எழுத்தாலும் ஸ்பானியர் 'இசட்' எழுத்தாலும் எழுதுவார்கள். தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்பானியத்தில் சொல்முதல் 'எஃப்' தேய்ந்து பிறந்த கிளைதான் ஹெர்னாண்டஸ். நாம் எழுதும் அந்த 'ஹெ'யில் உள்ள 'ஹ' ஸ்பானியர் வாயில் ஒலிப்பதே இல்லை.

— ந.

* * *

> 'தந்தைவழிப் பெயர்' ... அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தல்ஸ்தோயின் முழுப்பெயரில் வைத்துப் பாருங்கள்: லேவ் நிக்கொலாயெவிச் தல்ஸ்தோய். நிக்கொலாயெவிச் என்றால் நிக்கொலாயின் மகன். தல்ஸ்தோய் குடும்பப்பெயர், அதுவும் தந்தை வழியாகத்தான் வந்தது. 'தந்தைவழிப் பெயர் எது?' என்று கேட்டால் இரண்டையும் காட்டலாம். தந்தைவழிச் சமூகம், தந்தைவழிச் சொத்து என்று மானிடவியலும் சட்டமும் அந்தச் சொல்லை வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டன.

'தந்தைப் பெயர்' இன்னும் மோசம். எல்லா விண்ணப்பப் படிவத்திலும் 'தந்தை பெயர்' என்றொரு கட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு ப் மட்டுமே. அந்த ஒற்றை நம்பிக் கலைச்சொல் ஆக்க முடியாது.

— கு.

* * *

ஐயா, புதிதாகத் தேடுமுன் தொல்காப்பியத்தைப் பார்த்துவிடுவோம். எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் இதற்கென்றே விதி இருக்கிறது: "மக்கள் முறை தொகூஉம் மருங்கினான". தந்தை பெயரோடு மகன் பெயர் சேரும்போது முதற்பெயரின் 'அன்' கெட்டு 'அம்' சாரியை வரும். கொற்றன் மகன் கொற்றன், கொற்றங்கொற்றன். புறநானூறு 71இல் வரும் அந்துவஞ்சாத்தனும் இந்த வார்ப்புதான்.

ஈறுகளும் உண்டு. 'மகன்' குறுகி 'மான்' ஆனது: அதிகமான், சேரமான், மலையமான். 'மகள்' குறுகி 'மாள்' ஆனது: வேண்மாள். ஐஸ்லாந்தில் சொன், தோத்திர் என்று மகனுக்கும் மகளுக்கும் வேறு வேறு ஈறு வைப்பதை வியந்து எழுதுகிறோம். 1980 முதல் 1996 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த விக்தீஸ் பின்போகாதோத்திர், பின்போகியின் மகள். வேண்மாளும் அதே கணக்குதான்.

ஆகவே என் பரிந்துரை 'மக்கள்முறைப் பெயர்'.

— வே.

* * *

அம்மா, எடுத்துக்காட்டுகள் அருமை. சொல்தான் இன்று நிற்காது. 'மக்கள்' என்றால் பிள்ளைகள் என்ற பொருள் பேச்சில் தேய்ந்து, பொதுமக்கள் என்பதே முன்வருகிறது. 'மக்கள்முறைப் பெயர்' என்றால் மக்களாட்சியில் வாக்கெடுத்து வைத்த பெயர் போலிருக்கிறது. வீரசோழியம் என்ற இலக்கண நூல் சொல்லும் தத்திதமும் (பெயரோடு ஈறு சேர்த்து வேறு பெயர் ஆக்குவது) உதவாது. தசரதன் மகன் தாசரதி தத்திதம்தான். ஆனால் மகன்முறை அல்லாத ஆக்கங்களும் அதற்குள் ஏராளம்.

'வினையடிப் பெயர்' என்று இலக்கணத்தில் சொல்கிறோமே, அதே அச்சில் 'தந்தையடிப் பெயர்' என்றால்? தந்தையின் பெயரை அடியாகக் கொண்டு பிறந்த பெயர்.

— கு.

* * *

> 'தந்தையடிப் பெயர்'

வகுப்பில் சொன்னால் அப்பா கொடுத்த அடி என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நினைவில் நிற்கும்.

இதிலிருந்து கிளை பிரிகிறது என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. தாயின் பெயரிலிருந்து வந்தால் தாயடிப் பெயர்: கௌதமிபுத்திர சாதகர்ணி. ஐஸ்லாந்துக் கால்பந்து வீரர் ஹெய்தார் ஹெல்குசொன், ஹெல்கா என்ற பெண்ணின் மகன், அதுவும் தாயடி. பிள்ளையின் பெயரால் பெற்றோரை அழைத்தால் மகவடிப் பெயர்: அரபியின் அபூ தாலிப் (தாலிபின் தந்தை). ஆதன் + தந்தை = ஆந்தை என்பதும் இதே வகை; பிசிராந்தையாரை அங்கே வைக்கலாம். 'தந்தைவழி'யை வைத்துக்கொண்டு இப்படிக் கிளைக்க முடியாது.

— வே.

* * *

'தந்தையடிப் பெயர்' சரி. ஆனால் அதைக் கட்டுரையில் எங்கே போடுவது என்பதில்தான் இப்போது சிக்கல். நிக்கொலாயெவிச் ஒரு தலைமுறைக்கு மட்டும். பெர்னாண்டஸ் அப்படியன்று, எப்போதோ ஒரு பெர்னாண்டோவுக்கு மகன் பிறந்தான், அந்தப் பெயர் அப்படியே உறைந்து பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் போய்விட்டது. மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸின் தந்தை பெயர் பெர்னாண்டோ அன்று. முன்னதைத் தந்தையடிப் பெயர் என்றும் பின்னதைத் தந்தையடிக் குடும்பப்பெயர் என்றும் பிரிக்கலாமா? ஜான்சன், பெட்ரோவ் எல்லாம் பின்னதில் வரும்.

அடுத்து, இலங்கையில் பெரும்பாலும் பெர்னாண்டஸ் இல்லை, பெர்னாண்டோதான். மகன் ஈறே இல்லாத வெறும் முதற்பெயர் குடும்பப்பெயராக நிற்கிறது. தில்மா தேயிலையைத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோ (1930–2023), பாடகர் சி. டி. பெர்னாண்டோ (1921–1977), வேகப்பந்து வீச்சாளர் தில்ஹார பெர்னாண்டோ. ரொட்ரிகோவும் இப்படித்தான், ரொட்ரிகஸின் ஈறு அதில் கிடையாது. பீரிஸ், மெண்டிஸ் ஆகியவற்றில் ஈறு இருக்கிறது: பேரோவின் மகன், மெந்தோவின் மகன். இவற்றையெல்லாம் ஒரே கூடையில் போடலாமா?

— ந.

* * *

ஈறு இருக்கிறதா என்று பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. விசுவநாதன் ஆனந்த் பெயரில் எந்த ஈறும் இல்லை. விசுவநாதன் தந்தை பெயர், முன்னே நிற்கிறது, அவ்வளவே. அது தந்தையடிதான். (மேலைநாட்டு இதழ்கள் அவரை 'விஷி' என்று செல்லமாக அழைப்பதாக நினைத்துக்கொண்டு அவர் அப்பாவை அழைக்கின்றன.) நம் தலைப்பெழுத்து பெரும்பாலும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிய தந்தையடிப் பெயர்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சொல் எப்படிப் பிறந்தது? அந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது? இரண்டையும் குழப்புவதால்தான் கட்டுரைகள் கெடுகின்றன. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றார்கள்: பர்னாந்து, கோமஸ், மோத்தா, வாஸ், மச்சாடோ. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வருமுன்பே அது நடந்துவிட்டது. ஒரு தூத்துக்குடிக் குடும்பம் 'பெர்னாண்டோ என்ற போர்த்துக்கீசியனின் மகன் வழி வந்தது' என்று எழுதினால் அது பொய். சொல் லிஸ்பனில் தந்தையடி. தூத்துக்குடியில் ஏற்ற பெயர். சில்வா (காடு), பெரேரா (பேரி மரம்) ஆகியவை சொல்லளவிலும் தந்தையடி அல்ல.

— கு.

* * *

எழுத்துக்கூட்டல் பற்றி ஒன்று. தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து, ஆங்கில எழுத்தில் பெர்னாண்டஸ். தமிழ் வடிவத்தில் ஓகாரமும் இல்லை, எஸ்ஸும் இல்லை. அதைத் 'திருத்தி' பெர்னாண்டஸ் ஆக்கிவிடாதீர்கள். போர்த்துக்கீசிய 'டி', நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலி. பாத்ரே பாதிரி ஆனது போல, நேரே காதில் கேட்டவர்கள் 'ந்து' என்று பிடித்தார்கள். 'ண்ட' ஆங்கிலம் வழியாக வந்தது. பர்னாந்துவில்தான் பழைய ஒலி தங்கியிருக்கிறது. தேடுவோருக்காகப் பெர்னாந்து, பர்னாந்து, பெர்னாண்டோ மூன்றிலிருந்தும் இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவரும் வழிமாற்று இருக்கட்டும்.

இன்னொன்று, பெயர் தாங்கியோர் பட்டியலில் தேடுபொறி தருவதையெல்லாம் கொட்ட வேண்டாம். கவிஞர் பெர்னாண்டோ பெசோவா (1888–1935), கார்ப் பந்தய வீரர் பெர்னாண்டோ அலோன்சோ இருவருக்கும் அது முதற்பெயர். குடும்பப்பெயர் பட்டியலில் இடமில்லை. ஸ்பானிய மரபில் தந்தை குடும்பப்பெயர் முன்னும் தாயுடையது பின்னும் வரும் என்பதால், கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தால் பெர்னாண்டஸ்கள் பலர் விடுபடுவார்கள். போர்த்துக்கீசியத்தில் இந்த வரிசை தலைகீழ்.

— வே.

* * *

முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"பெர்னாண்டஸ், பெர்னாண்டோ என்னும் முதற்பெயரிலிருந்து பிறந்த போர்த்துக்கீசியத் தந்தையடிக் குடும்பப்பெயர். முத்துக்குளித்துறையிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் இதுவும் ஈறில்லாத பெர்னாண்டோவும் 16ஆம் நூற்றாண்டு முதல் திருமுழுக்கின்போது ஏற்ற பெயர்களாக வழங்குகின்றன. தூத்துக்குடித் தமிழில் பர்னாந்து."

'ஏற்ற பெயர்' இரண்டு சொல்லாகவே இருக்கட்டும். சேர்த்து எழுதினால் ஏற்றுமதி நினைவு வருகிறது.

— ந.