ஆசிலோஸ்கோப் புரோப் முனையை அதன் கிரவுண்டிலேயே வைத்தாலும் ஸ்பைக் வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வயல் பம்ப்செட்டுக்கு ஒரு கன்ட்ரோலர் போர்டு செய்திருக்கிறேன். எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர், 3.3 வோல்ட் சப்ளை. கார் பருவ நெல் அறுவடை முடிந்ததும் மாட்டினோம். மோட்டாரை நிறுத்தும்போது, கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலே மாதிரி சுவிட்ச்) விடும் அந்த நொடியில் மட்டும் போர்டு சில நேரம் ரீசெட் ஆகிவிடுகிறது. அடுத்த பிசானப் பருவ நடவுக்குள் சரியாக வேண்டும்.

ஸ்கோப் ரிகால் டிஎஸ்1102இசட்-இ, 100 மெகாஹெர்ட்ஸ். புரோப் 10எக்ஸில்தான் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) இருக்கிறது. நீள வயரோடு வரும் குரோக்கடைல் கிளிப்பை மாட்டி ரீசெட் பின்னைப் பார்த்தால் பயங்கர ஸ்பைக் (ஒரு கணம் எகிறும் வோல்டேஜ்). அதைக் கழற்றிவிட்டு, முனையில் குட்டி ஸ்பிரிங் கிரவுண்டு போட்டு, ஐசியின் கிரவுண்டு காலிலேயே வைத்தேன். பாதிக்கு மேல் குறைந்தது. அப்புறம் முனையையும் ஸ்பிரிங்கையும் ஒரே புள்ளியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியக்கூடாது இல்லையா? அப்போதும் கான்டாக்டர் விடும்போது சின்னதாக ஒரு ஸ்பைக் வருகிறது.

லேப்டாப்பின் யுஎஸ்பி கேபிளைக் கழற்றியாயிற்று. கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (ஸ்பைக்கை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி), ரீசெட் பின்னில் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் இரண்டும் போட்டாயிற்று. ரீசெட் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டு அளக்கச் சொன்னார் ஒரு நண்பர். மூன்று ஃபேஸ் பேனலுக்குப் பக்கத்தில் அதை மட்டும் செய்யமாட்டேன், ஸ்கோப்பின் உடம்பிலேயே கரண்ட் வந்துவிடலாம்.

டிஃபரன்ஷியல் புரோப் (எர்த்தைச் சாராமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளப்பது) கையில் இல்லை. ரீசெட் பின்னில் உண்மையிலேயே இருக்கும் ஸ்பைக்கையும், புரோப் கேபிள் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்பைக்கையும் இந்த இரண்டு சேனல் ஸ்கோப்பை வைத்தே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?